துவிச்சக்கரவண்டியிற் சென்ற தருமம்

தருமத்துக்குப் பொருள் சேர்க்கும்பொருட்டு ஒரு நாட்டைக் குறுக்கே துவிச்சக்கரவண்டியிற் கடப்பது என்றால் நம் பெரியோரிற் சிலர் நகைப்பர். "பணம் வேண்டுமாயின் நேரே கேட்டு வாங்கலாமே! கால் நோக மிதிப்பதற்கும் தருமத்துக்கும் என்ன தொடர்பு?" என்பது அவர்தம் வினா. நியாயமான வினாவே. அமெரிக்காவைக் கடந்த இரு பயணங்களைக் கொண்டு அதற்கு விடை தேடுவோம்.

முதற் பயணத்திலே தருமம் இல்லை. 1884 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆந் திகதி தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்பவர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர் அவர். அவருடைய வண்டியின் முன்சக்கரம் 50 அங்குல உயரம். பின்னே விளையாட்டுப் பொருள் போன்ற ஒரு சின்னச் சக்கரம். மிதிகட்டைகள் முன்சக்கரத்திலேயே பூட்டப்பட்டிருந்தன. காற்றடைத்த ரயர் அக்காலத்தில் இல்லை. மாற்றுச் சட்டை, காலுறை, இரவிற் கூடாரமாகவும் உதவும் மழைச்சட்டை, ஒரு கைத்துப்பாக்கி: மூட்டை இவ்வளவே. சியரா நெவாடா மலையைப் பனி மூடிக் கிடந்தமையால், புகையிரதப் பாதைக்கு மரத்தால் அமைத்திருந்த நெடுங் கூரைகளின் கீழே வண்டியைத் தள்ளிச் சென்றார். முழு வழியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நடந்தே கடந்தாராம். வண்டி அவரைச் சுமந்ததோ, அவர் வண்டியைச் சுமந்தாரோ! ஆகஸ்ட் 4 ஆந் திகதி பொஸ்ரன் நகரை அடைந்தார். துவிச்சக்கரவண்டியில் அந்நாட்டைக் கடந்த முதல்வர் அவரே. புகழும் அவருக்கே உரியதாயிற்று.

122 ஆண்டுகளின் பின், 2006 இல், அதே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு பெண்மணி புறப்பட்டார். ஜேன் ரொம்லின்சன் என்பது அவர் பெயர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தவர். மூன்று பிள்ளைகளின் தாய். வைத்தியசாலையிற் கதிர்ப்படம் எடுக்கும் தொழில் செய்தவர். 1990 இல், 26 வயதிலே, அவருக்கு மார்பிற் புற்றுநோய் கண்டது. 2000 இல் நோய் உடலிற் பரவி, இனிக் குணமாகாது என வைத்தியர் கூறிவிட்டனர். மற்றையோர் படுக்கையை நாடும் அந்நிலையிலேதான் அவர் ஓடவும் நீந்தவும் வண்டி மிதிக்கவும் தலைப்பட்டார். 2003 இல் தம் சகோதரரோடு இருவர் மிதிக்கும் வண்டியிலே பிரித்தானியாவை வடமுனையிலிருந்து தென்மேற்கு முனைவரை கடந்தார். 2004 இல் உரோமாபுரியிலிருந்து லீட்ஸ்வரை சென்றார். அதன் பின்னரே அமெரிக்கப் பயணம். ஒன்பது வாரம் மிதித்து நியூயோர்க்கை அடைந்தார்.

இனி அந்த வினாவுக்கு வருவோம். அம்மையார் வீட்டிலிருந்து கடிதம் எழுதிப் பணம் கேட்டிருப்பின் எத்தனை பேர் செவிசாய்த்திருப்பர்? ஊர் ஊராக மிதித்துச் சென்றபோது அவர் பட்ட பாட்டை மக்கள் கண்டனர். காணாதோர் பத்திரிகையிற் படித்தனர். கேட்பவர் தம்மையே முதலிற் கொடுத்துவிட்டார் என்பதை அறிந்தபின் கையை மூடிக்கொள்வது எளிதன்று. பஸ் ஓடும் பாதையிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றுவந்த நம் பெரியோருக்கு இதனை நாம் விளக்கவும் வேண்டுமா?

புற்றுநோயாளரையும் நோயுற்ற பிள்ளைகளையும் பராமரிக்கும் நிறுவனங்களுக்கென அவர் திரட்டிய தொகை ஏறத்தாழ 18 இலட்சம் பவுண். 2007 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆந் திகதி, 43 வயதிற் காலமானார். அவ்வாண்டு யூன் மாதத்தில் அவர் தொடக்கிவைத்த 10 கிலோமீற்றர் தரும ஓட்டம் அவருக்குப் பின்னரும் லீட்ஸ் வீதிகளிலே நடந்து வருகின்றது.