உசம்பரா மலையிலிருந்து தடா வரை: ஒரு பூவின் வரலாறு

தமிழர் வாழ்வில் பூ இல்லாத நிகழ்ச்சி இல்லை. மணவினைக்கும் பூ வேண்டும். இறுதி ஊர்வலத்திற்கும் பூ வேண்டும். வாழும் நிலத்தையே குறிஞ்சி என்றும் முல்லை என்றும் பூவின் பெயரால் அழைத்தவர் நம் முன்னோர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியுள்ளார். பூவைப் பறித்துச் சூடியதோடு நில்லாமல், அதன் பெயரை அறிந்து பின்வருவோர்க்கும் அறிவித்துச் செல்வது நம்மவர் வழக்கமாக இருந்தது என்பதற்கு அந்நூல் சான்றாகும்.

அவ்வழக்கத்தை நினைவிற்கொண்டு, கபிலர் காணாத ஓர் அயல்நாட்டுப் பூவின் வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு மலரில் எழுத முன்வந்தோம். நாம் தாவர நூல் கற்றவரல்லர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளுபவர். ஆயினும் இப்பூவின்பால் நமக்கு ஒரு கடன் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், உதகைக்குச் சென்று திரும்புகையில் ஒரு சிறு தொட்டியைக் கையில் ஏந்தி வந்தார். மெல்லிய மயிர் படர்ந்த இலைகள் வட்டமாகப் பரவியிருக்க, நடுவே ஊதா நிறத்தில் ஐந்தாறு பூக்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் மஞ்சள் பொட்டு. அதுவே ஆப்பிரிக்கன் வயலட். அதற்கு மணமில்லை, தலையில் சூட இயலாது, மாலை தொடுக்கவும் உதவாது. “இதனால் என்ன பயன், ஐயா?” என்று நாம் கேட்டோம். அவர் ஓர் இலையைக் காம்போடு கிள்ளி நம் கையில் கொடுத்து, “ஊன்றிப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்” என்றார். இரண்டாண்டுகளுக்கு முன்பு, கோடை முடியும் தறுவாயில், அவர் இயற்கை எய்தினார். அவர் வீட்டுத் தாய்ச்செடியும் அக்கோடையிலேயே கருகிற்று. அவர் கிள்ளிக் கொடுத்த இலைகளோ தடாவில் ஆறு வீடுகளில் செடிகளாகிப் பூத்துக்கொண்டிருக்கின்றன. இப்பூ எங்கிருந்து வந்தது என்று நாம் தேடத் தொடங்கியது அதன் பிறகேயாகும்.

மலையும் பெயரும்

இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில், இன்றைய தான்சானியாவின் வடகிழக்கில், உசம்பரா என்னும் மலைத்தொடர் உள்ளது. மேகம் தங்கும் காடுகளும் ஈரம் வற்றாத பாறைகளும் நிறைந்த இடம் அது. அப்பாறை இடுக்குகளில், பெருமரங்களின் நிழலில் வளர்ந்த செடி இது. 1884இல் ஜான் கிர்க் என்பாரும், 1887இல் டெய்லர் என்னும் பாதிரியாரும் கிழக்காப்பிரிக்காவிலிருந்து இதன் மாதிரிகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்கு அனுப்பினர். செடியை விவரித்துப் பெயரிடுவதற்கு அம்மாதிரிகள் போதுமானவையாக இல்லை.

அப்பகுதி ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த காலம் அது. தாங்கா வட்டாரத்து அதிகாரியாக இருந்த வால்ட்டர் ஃபான் செயின்ட் பால் இல்லேர் என்னும் பிரபு 1892இல் இச்செடியைக் கண்டு, ஜெர்மனியிலிருந்த தம் தந்தையாருக்கு அனுப்பிவைத்தார். தந்தையார் அதனை ஹானோவர் நகரத்து ஹெர்ரென்ஹவுசென் தோட்டத்தின் தலைவராகிய ஹெர்மன் வெண்ட்லாந்திடம் ஒப்படைத்தார். வெண்ட்லாந்து 1893இல் அதற்குச் செயின்ட்பாலியா அயனாந்தா என்று பெயர் சூட்டினார். முற்பகுதி அப்பிரபுவின் குடும்பப் பெயர். பிற்பகுதி வயலட் போன்ற பூவுடையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதே ஆண்டு பெல்ஜியத்துக் கெண்ட் நகரத் தோட்டக்கலைக் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. எர்ஃபுர்ட் நகரத்து எர்ன்ஸ்ட் பெனாரி என்னும் விதை வணிக நிறுவனம் அதன் விதைகளை விற்கத் தொடங்கிற்று.

உண்மையில் இது வயலட் அன்று. வயலட் வேறு குடும்பம். இது ஜெஸ்னேரியேசி என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. ஜெர்மானியர் இதை இன்றும் உசம்பரா வயலட் என்றே அழைக்கின்றனர். ஆகவே மலையின் பெயராவது அவர்கள் வாயில் நிலைத்தது. அம்மலையில் வழிவழியாக வாழ்ந்துவரும் ஷம்பா மக்களுக்கோ, பூவுக்குத் தாவர நூலார் வைத்த பெயரில் யாதொரு இடமும் இல்லை.

ரயில்வே ஊழியராகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. பூவுக்குப் பெயர் சூட்டிய அதே 1893ஆம் ஆண்டில், தாங்கா துறைமுகத்திலிருந்து உசம்பரா ரயில் பாதை போடத் தொடங்கினர். அது 1911இல் மோஷி நகரை எட்டியது. நம் தடா வழியாகச் செல்லும் சென்னை–விஜயவாடா பாதை 1899இல் திறக்கப்பெற்றது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. 1890களிலேயே ஜெர்மானியர் கிழக்கு உசம்பராவில் காடுகளை வெட்டிக் காப்பித் தோட்டங்கள் அமைத்தனர்; பிற்காலத்தில் தேயிலைத் தோட்டங்களும் வந்தன. ஆகவே, பூ உலகுலாவப் புறப்பட்ட காலமும் அதன் பிறந்தகம் அழியத் தொடங்கிய காலமும் ஒன்றேயாகும்.

இலை வழிப் பரவிய செல்வம்

1926ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆர்மகாஸ்ட் அண்டு ராய்ஸ்டன் என்னும் பூச்செடி நிறுவனத்தார் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதைகளை வரவழைத்து முளைக்கவிட்டு, சிறந்தவையாகப் பத்து வகைகளைத் தெரிந்தெடுத்தனர். அவற்றுள் ‘புளூ பாய்’ என்பது பெரும்புகழ் பெற்றது. பின்னாளில் தோன்றிய பல வகைகளுக்கு அதுவே மூலமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விதையிலிருந்து முளைப்பது தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இலையை ஊன்றி முளைப்பதோ, பெரும்பாலும் தாயேயாகும். ஒரு வகையைக் காப்பாற்ற வேண்டுமாயின், ஒருவர் இலை கிள்ளிக் கொடுக்க வேண்டும். மற்றொருவர் பெற்று ஊன்ற வேண்டும். கொடுப்பாரும் பெறுவாரும் அற்றுப்போனால் அவ்வகையும் அற்றுப்போகும். ஆதலின் இச்செடியின் வரலாறு தனி மனிதர் வரலாறாக இராமல் கூட்டத்தின் வரலாறாக அமைந்தது.

1946இல் அட்லாண்டா நகரில் இப்பூவிற்கெனவே ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதனையொட்டி அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலட் சங்கம் தோன்றிற்று. 1947இல் அது தனக்கென ஓர் இதழைத் தொடங்கியது. ஊர்தோறும் கிளைக் கழகங்கள் எழுந்தன. இல்லத்தரசிகளும் அலுவலக ஊழியரும் ஈரத்தாளில் இலைகளைச் சுற்றி அஞ்சலில் அனுப்பிப் பகிர்ந்துகொண்டனர். அச்சங்கம் செய்த பணிகளுள் தலையாயது, புதிய வகைகளின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் காத்துவந்ததேயாகும். ஒரே பூவுக்குப் பத்துப் பெயரும், பத்துப் பூவுக்கு ஒரே பெயரும் வழங்காதிருக்க அப்பதிவேடு உதவியது.

நம் நாட்டு உறவு

பூச்செடி அன்பர் கூட்டங்கள் நம் பகுதிக்குப் புதியனவல்ல. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் நிறுவப்பெற்றது. அதை நிறுவியவர் ராபர்ட் வைட் என்னும் மருத்துவர். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து நூல்கள் எழுதியவர். உதகைத் தாவரவியல் பூங்காவின் பணி 1848இல் மக்ஐவர் என்பவரால் தொடங்கப்பெற்றது. அங்கு மலர்க்காட்சி 1896 முதல் நடைபெற்று வந்துள்ளது.

அவ்வைட் என்பாரே 1848இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய ஒரு சிறு செடிக்கு ஜெர்டோனியா இண்டிகா என்று பெயரிட்டார். ஈர நிழலில் வளரும் அச்செடி ஆப்பிரிக்கன் வயலட்டின் குடும்பத்தைச் சார்ந்தது, தென்னிந்தியாவிற்கே உரியது. அப்பெயருக்குரிய ஜெர்டன் யார்? 1840களில் நெல்லூரில் அரசாங்க மருத்துவராக இருந்து, பறவைகளை ஆராய்ந்தவர். இப்பகுதியின் யானாதி மக்களிடம் பறவைகளைப் பற்றிக் கேட்டு அறிந்தவர். தடா அண்மைக்காலம் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதை நாம் அறிவோம். எங்கோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று நாம் எண்ணிய பூவின் உறவினச் செடியொன்று, நம் மாவட்டத்து மருத்துவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதைப் படித்தறிந்த அன்று நமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

தடாவில் வளர்க்கும் முறை

அன்பர் சிலர், “உதகைச் செடி தடாவின் வெயிலில் பிழைக்குமா?” என்று வினவுவர். எளிதன்று, இயலாததுமன்று. இச்செடி விரும்பும் வெப்பம் 18 முதல் 25 டிகிரி வரை. நம் கோடையோ 40 டிகிரியைத் தாண்டும். ஆதலின் வெயில் நேரே படாத வடக்குச் சன்னலே ஏற்ற இடம். அகன்ற தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி நீர் ஊற்றி, கற்களின் மேல் தொட்டியை வைத்தால் காற்றில் ஈரம் நிற்கும். கழுவிய தென்னை நார்க் கழிவும் பெர்லைட்டும் கலந்த, இலேசான கலவை வேண்டும். தொட்டி சிறியதாக இருத்தல் நலம்.

நாம் முதலில் செய்த பிழையையும் சொல்லிவிடுவோம். துளசிக்கு ஊற்றுவதுபோல் நாள்தோறும் தலையில் நீர் ஊற்றினோம். இரண்டு வாரத்தில் நடுக்குருத்து அழுகிற்று. வெளியிலைகளில் பிழைத்த ஒன்றை மீண்டும் ஊன்றியே செடியைக் காப்பாற்றினோம். மேல்மண் உலர்ந்த பிறகே, தொட்டியின் அடித்தட்டில் நீர் ஊற்றி, அரைமணி கழித்து எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குளிர்ந்த நீர் இலையில் பட்டால் தழும்பு விழும்.

இலையை ஊன்றுவதற்கு, ஒன்றரை அங்குலக் காம்போடு சாய்வாக வெட்டி, ஈரக் கலவையில் நட்டு, கண்ணாடிக் குவளையால் மூடவேண்டும். நான்கு வாரத்தில் வேர் விடும். இரண்டு மூன்று மாதத்தில் காம்படியில் கன்றுகள் தலைகாட்டும். பிறர் வீட்டுச் செடியைப் பெற்றால், மாவுப்பூச்சி இல்லையென்று தெரியும்வரை சில வாரம் தனியே வைத்தல் வேண்டும்.

நம் கடமை

இனி நாம் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்போம்.

2015இல் தாவர நூலார், மரபணு ஆராய்ச்சியின் துணைகொண்டு, செயின்ட்பாலியா என்னும் இனத்தை ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் என்னும் பேரினத்துள் சேர்த்துவிட்டனர். வளர்ப்போர் பலர் பழைய பெயரையே வழங்குகின்றனர். நமக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. நமக்கு அண்மையிலுள்ள சத்தியவேடு ஆந்திரத்திற்கு வந்தது. 2022இல் தடா நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்திற்கு மாறிற்று. ஏட்டில் பெயர் மாறும். மண்ணும் மக்களும் இருந்த இடத்திலேயே இருப்பர். இவ்வூர்த் தமிழரில் பணி தேடி வந்தவரும் உளர். வழிவழியாக இங்கேயே இருப்பவரும் உளர்.

ஆனால் பெயர் மாறுவது வேறு; பெயர் தொலைந்துபோவது வேறு. பார்சல் அலுவலகத்தில் பணியாற்றிய நாளில் நாம் கண்டது இது: லேபில் கிழிந்த மூட்டைக்குள் எத்தனை விலையுயர்ந்த பொருள் இருந்தாலும் அது உரியவரிடம் போய்ச் சேராது, கேட்பாரற்றுக் கிடக்கும். பெரியவர் தம் தொட்டியில் ஒரு குச்சியில் வகையின் பெயரைப் பென்சிலால் எழுதிச் செருகியிருந்தார். நீர் பட்டு அது அழிந்தது. அவரைக் கேட்டு எழுதிக்கொள்ள நமக்குத் தோன்றவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டோம். இன்று ஆறு வீடுகளில் பூக்கும் அச்செடியின் வகைப் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை.

காட்டிலுள்ள செடிகளின் நிலையும் கவலைக்குரியது. நிழல் தரும் மரம் வெட்டப்பட்டால் பாறை உலர்கிறது. பாறை உலர்ந்தால் செடி மடிகிறது. கென்யாவின் தைத்தா மலைகளில் தோன்றிய ஒரு வகை, எம்போலோலோ என்னும் ஒரே குன்றில்தான் இயல்பாக வாழ்கிறது. தான்சானிய அரசு 1997இல் கிழக்கு உசம்பராவில் அமானி இயற்கைக் காப்பகத்தை அமைத்தது நற்செயலாகும். உலகெங்கும் சன்னலோரம் கோடிக்கணக்கில் பூத்தாலும், பிறந்த பாறையில் ஒன்று அழிந்தால் அது இழப்பேயாகும்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விழாவன்று மண்டபத்து வாயிலருகே ஒரு மேசை போடுவோம். செடி வைத்திருப்போர் இலை கொண்டுவருக. இல்லாதோர் பெற்றுச் செல்க. ஒவ்வோர் இலையோடும் வகைப் பெயரும், கொடுத்தவர் பெயரும், நாளும் அழியாத மையில் எழுதிய சீட்டு ஒன்று இருத்தல் வேண்டும். சங்கத்துப் பதிவேட்டில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குவோம். அப்பக்கத்தின் முதல் வரியில், வகைப் பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, கொடுத்தவர் என்னும் இடத்தில் நம் பெரியவரின் பெயரை எழுதுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!