40,000 ரூபாய் பட்டுப்புடவை விலை மைனஸில் வருவது ஏன்? டர்போ சி-யும் 32 பிட் கதையும்

காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்றின் விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலத்திரையோடு திறக்கும் டர்போ சி-யில் அந்த எண்ணை ஒரு 'இன்ட்' மாறியில் போட்டு அச்சிட்டால், திரையில் வருவது மைனஸ் 25,536. அதே வரிகளை லினக்ஸில் ஜிசிசி கம்பைலரில் ஓட்டினால் சரியாக 40,000 வரும். மாணவர் தப்பு எதுவும் செய்யவில்லை. கம்பைலரின் வயசுதான் காரணம்.

கம்பைலர் என்ன செய்கிறது?

தறி பார்த்தவர்களுக்கு இது ஈஸி. டிசைனர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக யாளியும் அன்னமும் வரைகிறார். அந்தத் தாள் தறிக்குப் புரியாது. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட ஒருவர் வேண்டும். எந்தக் கொக்கி எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று ஜக்கார்டுக்குச் சொல்வது அந்த அட்டைதான். நாம் எழுதும் சி நிரலை கம்ப்யூட்டருக்குப் புரியும் அட்டையாக அடித்துத் தருவதுதான் கம்பைலர்.

ஆனால் ஒன்று. கொக்கி குறைவான ஜக்கார்டுக்கென்று அடித்த அட்டையால், பெரிய ஜக்கார்டின் எல்லா கொக்கிகளுக்கும் வேலை கொடுக்க முடியாது.

386-ல் நடந்தது இதுதான்

1985 அக்டோபரில் இன்டெல் 80386 சிப் வந்தது. ஒரே நேரத்தில் 32 பிட்டைக் கையாளும், 4 ஜிபி வரை நினைவகத்தை எட்டும் சிப் அது. ஆனால் மேலே ஓடிய டாஸ், பழைய 16 பிட் காலத்தது. அதற்காக 1987-ல் போர்லண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ சி-யும் 16 பிட்தான். அதில் இன்ட் வெறும் 2 பைட். 32,767-ஐத் தாண்டினால் மைனஸுக்குப் போய்விடும். சாதாரண டாஸ் நிரல்களுக்கு 640 கேபி நினைவகம்தான் எல்லை, அதுவும் 64 கேபி துண்டுகளாக. 300-க்கு 300 கட்டம் உள்ள ஒரு புடவை டிசைனை, கட்டத்துக்கு ஒரு பைட் என்று ஒரே அரேயாக அறிவித்தால் 90,000 பைட். டர்போ சி அதை ஏற்காது.

அப்புறம் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? எடிட்டர், கம்பைலர், உதவிப் பக்கம் எல்லாம் ஒரே திரையில். சட்டென்று கம்பைல் ஆகும். முக்கியமாக, அதில் உருவான நிரல் 386-லும் ஓடும், பழைய பிசி-யிலும் ஓடும். வாடிக்கையாளரிடம் எந்த மெஷின் இருக்கும் என்று தெரியாத காலத்தில் அது நியாயமான தேர்வுதான்.

386-ன் முழு பலமும் வேண்டும் என்றவர்கள் காசு கொடுத்து வாட்காம் கம்பைலரை வாங்கினார்கள். 1993-ல் வந்த 'டூம்' கேம் அதில் உருவானதுதான். காசு இல்லாதவர்களுக்கு டிஜேஜிபிபி. ஜிசிசி-யை டாஸுக்குக் கொண்டுவர முடியாது என்று, அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மேனே ஒரு கூட்டத்தில் சொல்ல, அதைக் கேட்ட டிஜே டிலோரி 1989-ல் தொடங்கிய இலவசத் திட்டம் இது. 386-க்குக் கீழே ஓடாது. ஆனால் இன்ட் 4 பைட், 64 கேபி தொல்லை கிடையாது.

இன்றைய மாணவருக்கு என்ன பிரச்சனை?

64 பிட் விண்டோஸில் டர்போ சி நேரடியாக ஓடவே ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள், இல்லாத ஒரு பழைய பிசி-யை உருவாக்கி ஓட்ட வேண்டியிருக்கிறது. 2018-ல் மாறிய தமிழ்நாடு 11-ம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூல் டெவ் சி பிளஸ் பிளஸுக்கு மாறிவிட்டது. ஆனால் டர்போ சி-யில் பழகிய கை, 'கோனியோ' ஹெடரையும் 'கிளியர் ஸ்க்ரீன்' கட்டளையையும் தானாகவே அடிக்கும். வேலைக்கான ஆன்லைன் தேர்வில் இருப்பது பெரும்பாலும் ஜிசிசி. அங்கே அந்த வரியிலேயே எரர் வந்து நிற்கும்.

வீட்டில் பழக ஜிசிசி போதும், இலவசம். அதில் இன்ட் 214 கோடிக்கு மேல் தாங்கும். கல்லூரி லேபில் டர்போ சி-தான் என்றால், 32,767-ஐத் தாண்ட வாய்ப்புள்ள எண்ணுக்கு இன்ட் வேண்டாம், 'லாங்' என்று அறிவியுங்கள். அச்சிடும்போது சதவீதக் குறிக்குப் பின் 'டி' மட்டும் போடாமல் 'எல்டி' போடுங்கள். புடவை விலை சரியாக வரும்.