ஆடிப் புழுதியும் திங்கட்கிழமை இளைப்பும்

கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களிடம் ஊர்க்காற்று எப்படி என்று கேட்டால் ஆடி மாதத்தைத்தான் முதலில் சொல்வார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று சாரலையெல்லாம் குற்றாலத்தில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு எங்களிடம் வந்து சேரும். பருத்திமார் பிடுங்கிய கரிசல்காடு அப்போது மொட்டையாகக் கிடக்கும். வெயிலில் வெடித்த நிலத்தின் மேல்மண் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். காற்றுக்கு அதை அள்ளுவது பெரிய காரியமில்லை. சோற்றில் மண், குடிதண்ணீர்ப் பானையில் மண். கதவைச் சாத்தினாலும் பாயில் ஒரு விரற்கடை புழுதி இருக்கும். இதே காற்றை நம்பித்தான் 1990-களில் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் முளைத்தன.

ஊரெல்லாம் திட்டிய அந்த ஆடியிலும் ஆவணியிலும்தான் எங்கள் அப்பா நன்றாக மூச்சு விட்டார். அவர் திணறியது காற்றே அசையாத பங்குனி, சித்திரையில்.

அதைச் சொல்லப் பருத்தியிலிருந்து தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த பருத்தி மாசியில் வெடிக்கத் தொடங்கும். கருங்கண்ணி என்று பெயர். இழை குட்டை, ஆனால் வானம் பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் வந்தபிறகு இந்தப் பருத்தி கப்பலேறுவது சுலபமாயிற்று. 1901-ல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்ததும் இந்தப் பருத்திக்காகத்தான். பஞ்சை இங்கேயே அரைத்து அனுப்பினால் லாபம் என்று பலர் ஜின்னிங் பாக்டரி போட்டார்கள். எட்டயபுரத்தில் பாரதியாரின் தகப்பனார் சின்னசாமி ஐயர் அப்படி ஒன்றைத் தொடங்கி நொடித்துப்போன கதை உங்களுக்கே தெரியும்.

அப்பா வேலை பார்த்தது அப்படிப்பட்ட ஒரு பாக்டரியில். பெயர் வேண்டாம். மாசிக் கடைசியில் சங்கு ஊதினால் ஆனி வரை ஓடும். தோல் சுற்றிய உருளை இழையைப் பிடித்து இழுக்க, கொட்டை கீழே விழும், பஞ்சு மறுபக்கம் வரும். எங்கள் மானாவாரிப் பருத்தி காய்ந்த பிறகு எடுப்பது, சருகு அதிகம். அந்தச் சருகு நொறுங்கித் தூளாகி, பஞ்சுத் தும்போடு சேர்ந்து கொட்டகை முழுக்க மிதக்கும். பஞ்சு பறக்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும் அப்பாவின் புருவமும் மீசையும் வெள்ளையாக இருக்கும். சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு அது வேடிக்கை.

அவருடைய இளைப்புக்கு ஒரு கணக்கு உண்டு. திங்கட்கிழமை நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். இரவு உட்கார்ந்தே தூங்குவார். செவ்வாய், புதன் ஆக ஆகக் குறையும். ஞாயிறு லீவு அன்று ஆள் தெளிவாகிவிடுவார். அடுத்த திங்கள் மறுபடி பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்குக் காரணம் பளிச்சென்று தெரிந்தது: சனிக்கிழமை தேய்க்க வேண்டிய எண்ணெயை லீவு நாள் என்று ஞாயிற்றுக்கிழமை தேய்க்கிறார், சளி பிடிக்காமல் என்ன செய்யும்? டாக்டரும் அதையே சொல்ல, பல வருஷம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் கிடையாது. திங்கட்கிழமை இளைப்பு மட்டும் நிற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காட்டு வேலைக்குப் போன நாட்களில் அவர் எண்ணெய் தேய்த்து ஆற அமரக் குளித்தும் ஒன்றும் வந்ததில்லை. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த நோய்க்குப் 'பைசினோசிஸ்' என்று பெயர் இருப்பது நான் வேலைக்குப் போனபிறகு ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்தது. பஞ்சுத் தூசியால் வருவது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் இதன் அடையாளமே. வருஷக்கணக்கில் தூசியிலேயே இருந்தால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். அப்பாவுக்கும் கடைசிப் பத்து வருஷம் அப்படித்தான். லங்காஷயர் நூற்பாலைகளில் இது நெடுங்காலமாகத் தெரிந்த நோய்; பிரிட்டனில் 1940-களிலேயே இதற்கு நஷ்டஈடு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா நூற்பு மில்லில் இருந்தார். அவரிடம் இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. இருமல் என்றால் டிஸ்பென்சரி, எக்ஸ்ரே, லீவுக்குப் பாதிச் சம்பளம். அதே பஞ்சு, அதே தூசி. சொல்லப்போனால் அப்பாவின் கொட்டகையில்தான் தூசி அதிகம். அவருக்கு ஏன் அட்டை இல்லை என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. ஓய்வு பெற்றபிறகு 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தை எடுத்துப் படித்தேன். பருவகாலத் தொழிற்சாலைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. எவையெல்லாம் பருவகாலத் தொழிற்சாலை என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது. தேயிலை, காபி, சர்க்கரை இவற்றோடு பருத்தி அரவையும் அதில் உண்டு. வருஷத்தில் சில மாதம் மட்டுமே ஓடுகிறதாம், அதனால் விலக்கு. இதே சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசி நோயும் இருந்தது.

இப்போது எங்கள் காடுகளில் மக்காச்சோளம்தான் தெரிகிறது. பருத்தி அங்கொன்றும் இங்கொன்றும். அப்பா வேலை பார்த்த கொட்டகை குடோனாகிவிட்டது. கோடையில் விளாத்திகுளம் பக்கம் போனால் இப்போது சீமைக்கருவேலம் எரிக்கும் கரிமூட்டப் புகை. மூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டே நாள் கணக்கில் பக்கத்திலேயே படுத்துக்கிடப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் அது சில மாத வேலைதான்.