வலிப்புக்கு மூலிகை: விலங்குச் சோதனைகளின் வரலாறு

வலிப்பை அடக்கும் என்று வழிவழியாகச் சொல்லப்படும் மூலிகைகள் பல. அவற்றை முதலில் விலங்குக்குக் கொடுத்துப் பார்த்ததற்கு இந்தியாவில் கிடைக்கும் பழைய பதிவுகளுள் ஒன்று 1839ஆம் ஆண்டுக் கல்கத்தாவைச் சேர்ந்தது.

கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரான வில்லியம் புரூக் ஓஷானஸி, கஞ்சாப் பிசினைச் சாராயத்தில் கரைத்து ஒரு நாய்க்குக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் அது தூங்கி வழிந்தது, நடந்தால் தள்ளாடியது, சோற்றை மட்டும் ஆவலோடு தின்றது. ஆறு மணி நேரத்தில் பழையபடி சுறுசுறுப்பானது. பிறகு மீன், பூனை, பன்றி, காகம், குதிரை, மான், குரங்கு, ஆடு, மாடு என்று சோதனை நீண்டது. மீன்களும் ஊன் உண்பவையும் விரைவில் மயங்கின. புல் மேய்பவற்றிடம் பெரிய மாற்றம் இல்லை. குரங்கையும் அவர் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தார்.

இந்தச் சோதனைகள் தந்த துணிவில், ஓயாத வலிப்பால் துவண்ட 40 நாள் பெண் குழந்தைக்கு அவர் ஒரு துளியில் தொடங்கி மருந்து கொடுத்தார். வலிப்பு மீண்டும் வந்தபோது அளவை உயர்த்தினார். குழந்தை பிழைத்தது. வலிப்புக்கு அரிய மருந்து கிடைத்துவிட்டதாக அவர் முடிவு செய்தார். ஆனால் அவர் சோதித்த விலங்குகள் வலிப்பு இல்லாதவை. மருந்து கொல்லாது என்பதைத்தான் அவை காட்டின. வலிப்பை நிறுத்தும் என்பதற்கு ஒற்றைக் குழந்தை போதிய சான்று ஆகாது.

விலங்கில் வலிப்பை வேண்டுமென்றே வரவழைத்து, மருந்து அதைத் தடுக்கிறதா என்று அளக்கும் முறை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தே நிலைபெற்றது. 1937இல் அமெரிக்காவில் டிரேசி பட்னமும் ஹூஸ்டன் மெரிட்டும் பூனைகளுக்கு மின்சாரம் செலுத்தி வலிப்பு தோன்றும் அளவைக் கணித்தனர். பினைடாயின் மருந்தின் பயன் இவ்வாறுதான் வெளிப்பட்டது. 1944இல் பென்டிலீன்டெட்ரசோல் என்ற வேதிப்பொருளால் வலிப்பை உண்டாக்கும் சோதனையில் டிரைமெத்தடையோன் தேறியது. இன்றும் மூலிகைச் சாறுகள் பெரும்பாலும் இவ்விரு சோதனைகளிலேயே எலிகளிடம் பார்க்கப்படுகின்றன. மின்சோதனையில் எலியின் பின்னங்கால்கள் விறைத்து நீளாவிட்டால் சாறு வேலை செய்கிறது என்று பொருள். இவையும் முழுமையானவை அல்ல: இன்று பரவலாகப் பயன்படும் லெவெடிராசிட்டாம் இவ்விரண்டிலுமே தோற்ற மருந்து.

மூலிகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரம்மி என்ற பெயர் ஓரிடத்தில் நீர்ப்பிரமியையும் வேறிடத்தில் வல்லாரையையும் குறிக்கிறது. எனவே சாறு எடுத்த செடியின் உலர்மாதிரியைத் தாவரத் தொகுப்பில் சேர்த்து, அதை அடையாளம் உறுதிசெய்ய வேண்டும். பழனி மலைச் செடிகளுக்கு இதற்கான அடித்தளம் வலுவானது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைத் துறவிகள் சேர்த்த தொகுப்பும், திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் கே. எம். மேத்யூ 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூலும் அதற்கு உதவுகின்றன.

அம்மலையின் ஈரநிலங்களில் வளரும் வல்லாரையின் நீர்ச்சாற்றைப் பற்றி, புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பென்டிலீன்டெட்ரசோலைச் சிறுகச் சிறுகக் கொடுத்து எலிகளை வலிப்புக்கு ஆளாக்கியபோது, உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் சாறு வலிப்பைக் குறைத்தது; கற்கும் திறனின் சரிவும் குறைந்தது. எலியிடம் கண்ட இப்பலன் மனிதருக்கான மருந்தாக இன்னும் மாறவில்லை. ஓஷானஸி கையாண்ட கஞ்சாவின் மயக்கம் தராத கூறான கன்னாபிடையால், சிறுவயதில் தொடங்கும் இரு கடும் வலிப்பு நோய்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்றது.