குதிரை பார்த்து வாங்குதல்

குதிரை பார்த்து வாங்குதல் என்பது, விலை முடிவதற்கு முன் குதிரையின் கால், குளம்பு, கண், மூச்சு, பல், குணம் ஆகியவற்றைச் சோதித்து, எந்த வேலைக்காக வாங்குகிறோமோ அதற்கு அது தாங்குமா என்று தீர்மானிக்கும் முறையாகும். தமிழகத்தில் இதன் வரலாறு கடல்வழிக் குதிரை வணிகத்தில் தொடங்குகிறது. பிறகு ஓசூர் மேட்டுநிலத்தின் படைக்குதிரைப் பண்ணையைக் கடந்து இன்றைய அந்தியூர்ச் சந்தைவரை வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி வட்டாரம் படைகளின் வழித்தடத்திலும் பண்ணைக்கு அருகிலும் அமைந்தது. வாங்கிய குதிரை பழுதானால் நட்டம் யாருடையது என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது. பெரும்பாலும் அந்த நட்டம், பார்க்கத் தெரியாமல் வாங்கியவர் தலையிலேயே விழுந்திருக்கிறது.

கடல் கடந்து வந்த குதிரைகள்

காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த தமிழகக் கடலோரச் சமவெளி குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. எனவே அரசர்கள் தலைமுறை தலைமுறையாக வெளியிலிருந்தே வாங்கினர். மலைமண்டலத்துக் (கேரளப் பகுதி) குதிரைச் செட்டிகள் இடைக்காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஒர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து இங்கே குதிரைகள் வந்ததை விவரிக்கிறார். அரசர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். பராமரிக்கத் தெரியாததும் லாடம் அடிப்போரும் குதிரை வைத்தியரும் இல்லாததுமே அதற்குக் காரணம் என்கிறார். அத்தகைய ஆட்கள் இங்கே வராதபடி வணிகர்களே தடுத்தார்கள் என்றும் அவர் சேர்க்கிறார். குதிரை சீக்கிரம் செத்தால் அடுத்த ஆண்டும் விற்கலாம் அல்லவா? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 தீனார் விலை என்றும், வழியில் காயம்பட்டாலும் செத்தாலும் அந்த விலை கொடுக்கப்பட வேண்டும் என்றும் பதிவு செய்கிறார்.

விஜயநகர அரசன் சாளுவ நரசிம்மன் இதையும் தாண்டினான். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும், உயிருள்ள குதிரைக்கு உரிய விலையை அவன் கொடுத்தான் என்று போர்த்துகீசியரான நூனிஸ் எழுதுகிறார். எதிரியிடம் குதிரை போய்விடக் கூடாது என்ற அச்சம் அந்த விலைக்குள் இருந்தது. குதிரை வரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் நிபந்தனை விதித்தார்கள். வாங்குபவர் சோதிக்கும் இடத்தில் இருக்கவில்லை.

கயிறு மாறுதல்

குதிரை வாங்கி ஏமாந்ததைப் பற்றித் தமிழில் மிகப் பரவலாக அறியப்பட்ட கதை மாணிக்கவாசகருடையது. பாண்டியனின் அமைச்சரான வாதவூரர் அரசுப் பணத்தோடு குதிரை வாங்கத் திருப்பெருந்துறைக்குச் சென்று, அதைச் சிவத்தொண்டுக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறான். அரசன் அவற்றைப் பார்த்து மகிழ்ந்து, கயிறு மாறி ஏற்கிறான். இரவில் அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. தண்டனை விற்றவனுக்குக் கிடைக்கவில்லை. வாங்க அனுப்பப்பட்ட வாதவூரர்தான் வைகை மணலில் வெயிலில் நிறுத்தப்படுகிறார்.

இக்கதையில் வரும் கயிறு மாறுதல் உண்மையான வணிக வழக்கம். மாட்டுச் சந்தைகளில் இன்றும் விற்பவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, வாங்கியவர் தம் கயிற்றைக் கட்டுகிறார். அதற்குப் பிறகு வரும் குறை வாங்கியவர் பாடு. ஆகவே, பார்க்க வேண்டியதையெல்லாம் கயிறு மாறுமுன்னே பார்த்துவிட வேண்டும்.

சாத்திரமும் சுழியும்

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் குதிரைகளின் வயது, நிறம், அடையாளம், வந்த இடம் ஆகியவற்றைப் பதிவு செய்யவும், ஊனமும் நோயும் உள்ளவற்றைத் தெரிவிக்கவும் தனி அதிகாரியை வகுக்கிறது. சாலிஹோத்திரர், நகுலர் பெயர்களில் வழங்கும் அசுவ சாத்திரங்கள் பல் வளர்ச்சியையும் நோய்களையும் சொல்வதோடு, சுழிகளின் பலனையும் விரித்துரைக்கின்றன. நகுலர் பெயரிலான அசுவ சாத்திரத்தை வண்ணப் படங்களுடன் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-இல் அச்சிட்டது.

சுழி பார்ப்பது இன்றும் விலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. மயிர் எந்தப் பக்கம் சுழன்றிருக்கிறது என்பதற்கும் காலின் உறுதிக்கும் தொடர்பில்லை. ஆனாலும் சுழி பிறவி அடையாளம், எளிதில் மாற்ற முடியாதது. அதனால் குதிரையை இனம்காணும் குறிப்பாக இன்றைய கால்நடை மருத்துவச் சான்றிதழ்களிலும் அது இடம்பெறுகிறது.

ஓசூர் மேட்டுநிலம்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர்ப் பகுதி, சமவெளியைவிடக் குளிர்ச்சியானது, மேய்ச்சல் நிலம் உள்ளது. மைசூருக்கும் கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாராமகால் பகுதிக்கும் இடைப்பட்டதால் படைகளின் நடமாட்டமும் இங்கே மிகுதி. 1791-இல் ராயக்கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தது. 1799-இல் திப்பு சுல்தான்மீது படையெடுத்த ஜெனரல் ஹாரிஸ், ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகவே மைசூருக்குள் நுழைந்தார். உத்தனப்பள்ளி இவ்விரு ஊர்களுக்கும் அண்மையில் உள்ளது.

போருக்குப் பின், 1824-இல், ஓசூரை அடுத்த மத்திகிரியில் சென்னைப் படைக்கான குதிரைப் பண்ணை அமைந்தது. 1830-களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் குதிரைகள் வரத் தொடங்கின. அந்த மாகாணப் பெயரின் கடைசிச் சொல்லிலிருந்தே அவற்றுக்கு 'வேலர்' என்ற பெயர் வந்தது. வாரக்கணக்கில் கப்பலில் நின்றபடி வரும் குதிரையின் கால் வீங்கியிருக்கும், உடல் மெலிந்திருக்கும். அதன் உண்மையான வலிமையைத் துறைமுகத்தில் ஒரே நாளில் கணிக்க இயலாது. இளங்குதிரைகளைப் பண்ணையில் தேற்றிப் பழக்கி, அதன்பின் படைப்பிரிவுக்கு அனுப்பும்போது வேலையே சோதனையாகிவிடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் நட்டப்பட்ட பின் தமிழகம் கண்ட நல்ல ஏற்பாடு இது.

20ஆம் நூற்றாண்டில் படைக்குக் குதிரையின் தேவை குறைய, மத்திகிரிப் பண்ணை மாட்டுப் பண்ணையாக உருமாறியது. இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக மாநிலக் கால்நடைப் பராமரிப்புத் துறையின்கீழ் இயங்குகிறது. காதுநுனிகள் உட்புறம் வளைந்த கத்தியவாரி இனக் குதிரைகள் இங்கே பராமரிக்கப்பட்டு வந்துள்ளன.

சோதிக்கும் முறை

முதலில் குதிரையை அதன் லாயத்திலேயே, யாரும் தொடாத நிலையில் பார்க்க வேண்டும். நோயில்லாத குதிரையும் ஒரு பின்காலைத் தளர்த்தி ஓய்வெடுக்கும். ஒரே முன்காலை அடிக்கடி முன்னே நீட்டி வைத்தால் குளம்புக்குள் வலி இருக்கலாம். தொட்டி விளிம்பில் பல்லை ஊன்றிக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்தில் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருப்பது போன்ற பழக்கங்களும் இங்கேதான் தெரியவரும்.

அடுத்தது பல். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்குபவர் பார்த்தே ஆக வேண்டும். நடு வெட்டுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்த இணை மூன்றரையிலும், ஓர இணை நாலரையிலும் விழுந்து முளைக்கின்றன. ஐந்து வயதில் வாய் நிரம்பிவிடும். கீழ்ப்பற்களின் மேற்பரப்புக் குழி ஆறு முதல் எட்டு வயதுக்குள் நடுவிலிருந்து ஓரமாகத் தேய்ந்து மறைகிறது. மேல்வரிசை ஓரப் பல்லில் சுமார் பத்து வயதில் ஈறோரம் தோன்றும் பள்ளக்கோடு, பதினைந்தில் பாதிவரையும் இருபதில் முழுவதும் இறங்குகிறது. தீவனத்தைப் பொறுத்துத் தேய்மானம் மாறுவதால், எட்டு வயதுக்கு மேல் பல் சொல்வது மதிப்பீடுதான்.

கண்ணை நிழலில் வைத்து விளக்கொளியில் பார்க்க வேண்டும். கருமணியில் வெண்மை, இரு கண்களுக்கும் இடையே அளவு வேறுபாடு, ஒளிக்குச் சுருங்காத பாவை ஆகியவை எச்சரிக்கைகள்.

பிறகு கை பேசும். தோளிலிருந்து குளம்புவரை நான்கு கால்களையும் தடவி, சூடு, வீக்கம், எலும்புப் புடைப்பு ஆகியவற்றை எதிர்க்காலோடு ஒப்பிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே பின்புறம் ஓடும் தசைநார் கயிறுபோல் இறுக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். நடுவில் தடித்திருந்தால் பழைய காயம். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்து, வெடிப்பு, துர்நாற்றம், ஒருபக்கத் தேய்மானம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். குளம்பு கெட்ட குதிரையில் மற்ற நலன்கள் இருந்தும் பயனில்லை.

நொண்டலை ஓட்டத்தில்தான் பிடிக்க முடியும். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நடையிலும் மிதமான ஓட்டத்திலும் நேராகப் போய்வரச் செய்ய வேண்டும். முன்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தலை தாழும். பின்காலில் வலி இருந்தால் இடுப்பின் ஒருபக்கம் மற்றதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். காதால் கேட்டாலும் தெரியும்: நான்கு குளம்போசையும் ஒரே அளவாக இல்லாவிட்டால் ஏதோ குறை உண்டு. ஐயமிருந்தால் மூட்டைச் சுமார் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிடுவார்கள். மறைந்திருந்த வலி முதல் சில அடிகளில் வெளிப்படும்.

மூச்சுக்கு வேகமான ஓட்டம் வேண்டும். மூச்சை இழுக்கும்போது உறுமலோ சீழ்க்கையோ கேட்டால் குரல்வளை நரம்பில் பழுது. ஓய்வாக நிற்கும்போதே வயிறு இரண்டு தடவையாக எக்கி மூச்சை வெளியேற்றினால் நுரையீரல் கெட்டிருக்கிறது. ஓட்டியபின் ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது அவசியம். உடல் சூட்டில் மறையும் நொண்டல் ஆறியபின் திரும்பிவிடும்.

ஏமாற்று வேலைகள்

தேய்ந்த பல்லில் துளையிட்டுச் சூட்டுக்கோலால் கருக்கி இளவயதுக் குழிபோல் காட்டுவது, நரைத்த மயிருக்குச் சாயம் பூசுவது, காரமான பொருளைத் தடவி வாலைத் தூக்கி நிற்கச் செய்வது எல்லாம் பழைய தந்திரங்கள். இன்று வலிநிவாரண ஊசி ஒன்றே போதும். நொண்டல் சில மணி நேரத்துக்குக் காணாமல் போகும். இதனால்தான் சோதனை நாளில் இரத்தம் எடுத்துப் பாதுகாத்து, பின்னர் ஐயம் எழுந்தால் மருந்து உள்ளதா என்று ஆராயும் வழக்கம் பல நாடுகளில் உருவாகியிருக்கிறது.

சட்டம்

1842-இல் ஓர் ஆங்கில வழக்கில் நீதிபதி பார்க், விற்கும் நேரத்தில் விலங்கின் இயல்பான பயன்பாட்டைக் குறைக்கிற, அல்லது பின்னால் குறைக்கக்கூடிய நோய் இருந்தால் அது பழுதுள்ளது என்று வரையறுத்தார்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மௌனம் எப்போது மோசடியாகும் என்பதைக் குதிரையைக் கொண்டே விளக்குகிறது. பழுதுள்ளது எனத் தெரிந்த குதிரையை ஏலத்தில் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி ஆகாது. வாங்குபவர் அண்மையில் வயது வந்த அவருடைய மகளாக இருந்தால் சொல்லும் கடமை உண்டு. மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் கூறி, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். கேட்பவருக்கே சட்டம் துணை நிற்கிறது. பழுதில்லை என்ற உறுதியை எழுத்தில் வாங்குவதன் காரணமும் இதுவே.

நோய்ச் சோதனை

உடல் உறுதியோடு தொற்றுநோயும் பார்க்கப்பட வேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் நோய் மனிதருக்கும் பரவிக் கொல்லக்கூடியது. இதற்கென 1899-இல் தனிச் சட்டமே வந்தது. நோய் உறுதியான குதிரை கொல்லப்பட வேண்டும். சர்ரா என்னும் காய்ச்சலுக்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் இந்தியாவில் கண்டறிந்தார். இன்று ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்நோய்களுக்கான இரத்தப் பரிசோதனைகளைச் செய்கிறது.

இன்று

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதத்தில் நடைபெறும் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைதான் தமிழகத்தின் புகழ்பெற்ற குதிரைச் சந்தை. மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டக்குதிரைகள் அங்கே வருகின்றன. ஓடவிட்டும் ஆடவிட்டும் காட்டுகிறார்கள். கூட்டமும் மேளமும் சூழ்ந்த இடத்தில் பொறுமையாகச் சோதிப்பது கடினம். பிடித்த குதிரையை மறுநாள் காலை, வெளியே எடுக்குமுன் லாயத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. எக்ஸ்-ரே, அல்ட்ராசவுண்ட் வசதிகளும் வந்துவிட்டன. விற்பவரோடு தொடர்பில்லாத மருத்துவரை அழைப்பதற்கான செலவு, வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் சிறிது.

எந்தச் சோதனையும் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். எதிர்காலத்துக்கு அது பொறுப்பேற்காது. குழந்தைகள் ஏறிப் பழகப் போதுமான குதிரை பந்தயத்துக்குப் போதாமல் போகலாம். குறை தெரிந்தே அதற்கேற்ற வேலைக்கு வாங்குவதில் தவறில்லை. குறை தெரியாமல் வாங்கும்போது குதிரைக்கும் கேடு வருகிறது. நொண்டும் குதிரை கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு முறையும் விலை குறைந்து, கடைசியில் வலியோடு பாரம் இழுத்தே சாகிறது. கயிறு மாறுமுன் செலவிடும் ஒரு காலைப்பொழுது வாங்குபவரின் பணத்தை மட்டும் காப்பதில்லை, அந்த வாயில்லா உயிரையும் தாங்க முடியாத வேலையிலிருந்து காக்கிறது.