ஏட்டில் எழுந்த மின்கம்பங்கள்

ஒரு நாட்டுக்கு மின்னொளி அளிப்பதற்குப் பொறியியலாளரின் அறிவோடு பண்டசாலைக் கணக்கும் வேண்டப்படும். அயர்லாந்தின் வரலாறு இதற்குச் சான்று.

1929ஆம் ஆண்டு சனன் ஆற்றின் நீர்வலுவால் அந்நாடு பெருமளவில் மின்சாரம் பெற்றது. எனினும், கிராமங்கள் பெரும்பாலும் இருளிலேயே கிடந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 நவெம்பரில், டப்ளின் மாவட்டத்தின் வடபாகத்திலுள்ள கில்சலகன் என்னும் ஊரில் கிராம மின்திட்டத்தின் முதற் கம்பம் நாட்டப்பட்டது. காடு அருகிய அத்தீவிற் கம்பங்களுக்கேற்ற மரம் போதவில்லை. பின்லாந்திலிருந்து அது கப்பல்களில் வந்திறங்கிற்று.

மின்சார சபையார் ஊர்தோறும் வீட்டுக்காரரின் சம்மதத்தை முதலில் எழுதி வாங்கினர். பெருந்தொகையினர் இசைந்த ஊருக்கே முன்னுரிமை. அச்சம்மதங்களைக் கொண்டே கம்பிவழி வகுத்து, கம்பம் நிற்கவேண்டிய இடந்தோறும் முளையடித்து, வேண்டிய பொருள்களைக் கணக்கிட்டனர். அக்கணக்கைப் பேணுவது இலிகிதரின் கடமை.

ஆயினும், நிலையான கட்டணத்துக்கு அஞ்சிய சிலர், வேலையாட்கள் வாசலுக்கு வந்த வேளையிற் சொன்ன சொல்லினின்றும் பின்வாங்கினர். அவர்களுக்கென வந்த கம்பமும் கம்பியும் வீணே கிடந்தன. வகுத்த கணக்கும் பிழைத்தது.

1970களின் நடுப்பகுதியிற் பணி நிறைவெய்தியபோது ஏறக்குறைய 10 இலட்சம் கம்பங்கள் நாட்டப்பட்டிருந்தன. ஏட்டில் ஒப்பமாயிருந்தவையே நிலத்திற் கம்பங்களாய் நின்றன.