சதீஷ் சிவலிங்கம்: வேலூரிலிருந்து ஒரு பளுதூக்கும் வீரர்

சதீஷ் சிவலிங்கம் (பிறப்பு: ஜூன் 23, 1992) தமிழ்நாட்டைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர். ஆண்கள் 77 கிலோ எடைப்பிரிவில் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் ஆகிய இரு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கப்பதக்கம் வென்றார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 2015-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

பிறப்பு, பின்னணி

சதீஷ் வேலூரை அடுத்த சத்துவாச்சாரியில் பிறந்தார். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் பாலாற்றங்கரைப் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்றது. படைக்கு ஆள் அனுப்பும் மரபும் இம்மாவட்டத்துக்கு உண்டு. சதீஷின் தந்தை சிவலிங்கம் முன்னாள் ராணுவ வீரர்; தேசிய அளவில் பதக்கம் வென்ற பளுதூக்கும் வீரரும்கூட. ஓய்வுக்குப் பின் வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் காவலராகப் பணியாற்றினார். அவரே மகனுக்கு முதல் பயிற்சியாளர். சத்துவாச்சாரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியைத் தொடங்கிய சதீஷ், பின்னர் தெற்கு ரயில்வேயில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார்.

இந்தியப் பளுதூக்கலில் தமிழ்ப் பெயர்கள் புதியவை அல்ல. 1978 எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் ஏகாம்பரம் கருணாகரன் 52 கிலோ பிரிவில் தங்கமும், தமிழ்ச்செல்வன் 56 கிலோ பிரிவில் வெள்ளியும் வென்றனர்.

போட்டி முறை

பளுதூக்கலில் இரண்டு வகைத் தூக்குகள் உண்டு. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கு ஏற்றி, பின் அங்கிருந்து தலைக்கு மேல் உந்தித் தூக்குவது கிளீன் அண்ட் ஜெர்க். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். இரண்டிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கும். ஆகவே எவ்வளவு தூக்க முடியும் என்பதோடு, எந்த எடையை எப்போது கேட்பது என்ற கணக்கும் வீரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளாஸ்கோ 2014

கிளாஸ்கோவில் தங்கத்துக்கான போட்டி இரண்டு இந்தியர்களுக்கு இடையே நடந்தது. எதிரே நின்றவர் 2010 டெல்லி போட்டியில் 69 கிலோ பிரிவில் தங்கம் வென்ற கட்டுலு ரவிக்குமார். ஸ்னாட்சில் சதீஷ் 149 கிலோ தூக்கிப் புதிய காமன்வெல்த் போட்டிச் சாதனை படைத்தார். ரவிக்குமார் தூக்கியது 142 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க்கில் சதீஷ் 179, ரவிக்குமார் 175. மொத்தம் 328 கிலோவுடன் சதீஷ் தங்கம் வென்றார். 317 கிலோவுடன் ரவிக்குமார் வெள்ளி பெற்றார். அப்போது சதீஷுக்கு வயது 22. தமிழக முதல்வர் ஜெயலலிதா 50 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்.

ரியோ 2016

ரியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கலுக்கு இந்தியாவிலிருந்து சென்றவர்கள் இருவர் மட்டுமே. பெண்களில் மீராபாய் சானு, ஆண்களில் சதீஷ். அங்கு சதீஷ் 148, 181 என மொத்தம் 329 கிலோ தூக்கினார். கிளாஸ்கோவைவிட ஒரு கிலோ அதிகம். ஆனால் இடம் 11. அதே பிரிவில் சீனாவின் லூ சியாவ்ஜுன் தூக்கியது 379 கிலோ. காமன்வெல்த் மேடைக்கும் ஒலிம்பிக் மேடைக்கும் இருந்த தூரம் அந்த 50 கிலோவில் தெரிந்தது. அன்று தங்கம் பெற்ற கசகஸ்தானின் நிஜாத் ரஹிமோவ் ஊக்கமருந்து தடுப்பு விதிகளை மீறியதற்காகப் பின்னாளில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காயமும் மீட்சியும்

2017-ல் காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பில் சதீஷ் தங்கம் வென்று, அடுத்த காமன்வெல்த் விளையாட்டுக்குத் தகுதி பெற்றார். அதன் பிறகு தேசிய சாம்பியன்ஷிப்பில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசையில் காயம்பட்டது. பளுதூக்குபவருக்குத் தொடையே அடித்தளம். உட்கார்ந்த நிலையிலிருந்து பாரத்தோடு எழுவது அந்தத் தசையின் வலுவில்தான். பதக்கம் வெல்லும் அளவுக்கு உடல் தேறும் என்ற நம்பிக்கையையே இழந்திருந்ததாகச் சதீஷ் பின்னர் சொன்னார்.

2018 ஏப்ரல் 7 அன்று கோல்ட் கோஸ்டில் அவர் முழுமையாகக் குணமடையாமலேயே மேடையேறினார். ஸ்னாட்சில் இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145 கிலோ, சதீஷ் 144. ஒரு கிலோ பின்தங்கிய நிலை. கிளீன் அண்ட் ஜெர்க்கில் சதீஷ் 173 கிலோவைத் தூக்கினார். 167 கிலோ தூக்கியிருந்த ஆலிவர் 171 கிலோவை இருமுறை முயன்றும் முடியவில்லை. 317 கிலோவுடன் தங்கம் சதீஷுக்கு. தன் கடைசி வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை. ஆலிவர் 312 கிலோவுடன் வெள்ளி பெற்றார். அந்தப் போட்டியில் இது இந்தியாவின் மூன்றாவது தங்கம். தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி 50 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்.

பின்னர்

2018 இறுதியில் சர்வதேசப் பளுதூக்கும் கூட்டமைப்பு எடைப்பிரிவுகளை மாற்றியமைத்தது. 77 கிலோ பிரிவு நீக்கப்பட்டு, 73, 81 ஆகிய பிரிவுகள் வந்தன. சதீஷ் இருமுறை வென்ற பிரிவு காமன்வெல்த் பட்டியலில் இன்று இல்லை.

மதிப்பீடு

சதீஷின் மூன்று பெரிய போட்டிகளையும் வரிசையாக வைத்தால் 328, 329, 317 என்ற எண்கள் கிடைக்கின்றன. அதிகம் தூக்கிய நாளில் அவருக்குப் பதக்கம் இல்லை. மிகக் குறைவாகத் தூக்கிய நாளில் தங்கம். அந்த 317 கிலோ, நான்கு ஆண்டுகளுக்கு முன் ரவிக்குமாருக்கு வெள்ளி மட்டுமே தந்த அதே எடை. எண்களை மட்டும் பார்த்தால் கோல்ட் கோஸ்ட் வெற்றி கிளாஸ்கோவைவிடச் சிறியது. காயம்பட்ட தொடையோடு, எதிராளியைவிட ஒரு கிலோ பின்னால் நின்று, தேவையான எடையை மட்டும் கேட்டுத் தூக்கி வென்றதைப் பார்த்தால் அதுவே அவருடைய பெரிய வெற்றி.